அரை லிட்டர் சுட்ட எண்ணெய் யார் கணக்கில்?

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். வேலூரில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வந்தபோது அம்மா பக்கெட்டோடு ஒரு பழைய தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனார். முறுக்கும் அதிரசமும் சுட்டு மிஞ்சிய எண்ணெய், அரை லிட்டருக்கு மேல் இருக்கும். அடியில் கறுப்பு வண்டல், மேலே தேன் நிறம். மூடியைத் திறப்பதற்குள் தூய்மைப் பணியாளர் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"அய்யோ, அதுல ஊத்தாதம்மா. எரு மொத்தமும் வீணாப் பூடும்."

"அப்ப இந்தப் பக்கம் போடட்டுமா?"

"அது மக்காத குப்பை. பாட்டில் ஒடஞ்சா அட்டை, பேப்பர் எல்லாம் எண்ணெயாயிடும். அப்புறம் அத எவன் வாங்குவான்?"

"பின்ன இன்னாதான் பண்றது?"

"தனியா ஒரு கேன் குடுத்தா நானே வாங்கிக்குவேன். எங்க கொண்டுபோய்க் குடுக்கறது, அத சொல்லு."

பாட்டில் வீட்டுக்கே திரும்பி வந்தது. அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. உரக்குழியில் எண்ணெய் விழுந்தால் காய்கறிக் கழிவின்மேல் படலமாகப் படிந்து காற்றை அடைத்துவிடும். காற்று போகாத எரு மக்காது, அழுகும். நாற்றம் எடுக்கும், எலியும் வரும். ஒரு கரண்டி விழுந்தால் பரவாயில்லை. ஒரு தெருவின் தீபாவளி எண்ணெய் விழுந்தால் அந்தத் தொட்டியே போச்சு.

அவருடைய கடைசிக் கேள்வியை மட்டும் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். பழைய எண்ணெய்க்கு விலை இருக்கிறது. வாங்கி டீசல் செய்யும் ஆலைகள் இருக்கின்றன. ஓட்டல்களிலிருந்து வாங்கிச் சேர்க்க உரிமம் பெற்ற ஆட்களும் இருக்கிறார்கள். அரை லிட்டர் அரை லிட்டராகக் கிடப்பதை இருநூறு லிட்டர் பீப்பாயாக்குவதற்குத்தான் ஆள் இல்லை. எந்தத் தனியார் வியாபாரியும் அரை லிட்டருக்காக இரண்டாம் மாடி ஏறமாட்டார். வீட்டுக்காரரும் மெனக்கெடமாட்டார். லிட்டருக்கு முப்பது ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அரை லிட்டருக்குப் பதினைந்து. ரேஷனில் புத்தம்புதுப் பாமாயில் பாக்கெட்டையே 25 ரூபாய்க்குக் கொடுக்கும் மாநிலத்தில், பதினைந்து ரூபாய்க்காகப் பழைய எண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறுவார் யார்? ஊரில் எல்லா வீட்டு வாசலையும் தொடுகிற ஒரே வண்டி உள்ளாட்சியின் குப்பை வண்டி. வீட்டு எண்ணெய் எங்காவது ஒன்றுசேர வேண்டுமென்றால் அது அந்த வண்டியில்தான் நடக்கும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் எண்ணெய் மூன்று துறைகளுக்கு நடுவே வழுக்கி விழுகிறது.

சமையல் எண்ணெய் உணவுப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் 'போலார் காம்பவுண்ட்ஸ்' என்று சொல்லப்படும் சிதைவுப் பொருட்கள் கூடிக்கொண்டே போகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற வரம்பு 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 10 அன்று, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 'ரூகோ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்குவதற்கான திட்டம் அது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் உணவு நிறுவனங்கள் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழித்தோம், யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும் என்ற உத்தரவு 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆகஸ்டிலேயே பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள், இப்படிச் செய்த பயோடீசலை முதல் ஆண்டு லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறோம் என்று நூறு நகரங்களுக்கு அழைப்பு விட்டன. எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் 50 லிட்டர் கோட்டுக்கு மேலே பெரிய ஓட்டலும் கல்லூரி விடுதியும் வரும். தெருமுனை பஜ்ஜிக் கடை வராது. வீடு எப்போதும் வராது.

வண்டி எண்ணெய் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு. எஞ்சின் ஆயில், கியர் ஆயில் எல்லாம் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன. அந்த விதிகளில் 2023-இல் செய்த திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் முதல் எஞ்சின் ஆயில் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும், விற்ற எண்ணெயில் ஒரு பங்கு மறுசுத்திகரிப்புக்குத் திரும்புகிறதா என்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும். சமையல் எண்ணெய்க்கு இப்படி ஒரு பொறுப்பைப் பாக்கெட் கம்பெனி மேல் யாரும் வைக்கவில்லை.

மூன்றாவது, வீட்டுக் குப்பை. இது உள்ளாட்சியின் கணக்கு. 2026 ஏப்ரலில் புதிய விதிகள் வரும்வரை நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்தன. மூன்றாவதில் பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, குழல்விளக்கு, காலாவதி மருந்து, பேட்டரி, ஊசி எல்லாம் பெயர் சொல்லி வந்தன. எண்ணெய் வரவில்லை. பட்டியலின் கடைசியில் 'முதலியன' என்று ஒரு சொல் இருந்தது, அதற்குள் வேண்டுமானால் எண்ணெயை நுழைத்திருக்கலாம். அந்தச் சொல்லை நம்பி ஒரு நகராட்சி பட்ஜெட்டில் தலைப்பு போட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.

அதே விதிகளில் இன்னொரு வரி இருந்தது. வீட்டு அபாயக் கழிவை மக்கள் கொண்டுவந்து கொடுக்க, 20 சதுர கிலோமீட்டருக்கோ அதன் பகுதிக்கோ ஒரு மையம் என்ற கணக்கில் உள்ளாட்சி ஏற்படுத்த வேண்டும், வாங்கும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்று. வேலூர் மாநகராட்சியின் பரப்பு சுமார் 88 சதுர கிலோமீட்டர். இருபதால் வகுத்துப் பார்த்தால் நான்கு போக மிச்சம் நிற்கும், ஆக ஐந்து மையங்கள். மாநகராட்சிக்கு மண்டலம் நான்கு, வார்டு அறுபது. மண்டலத்துக்கு ஒன்று, கூட ஒன்று. இதற்குப் புதிதாக ஒரு துறையோ கட்டடமோ வேண்டியதில்லை. உரக்கூடத்தின் ஓரத்தில் ஒரு கூரை, அதன்கீழ் பூட்டிய நான்கு பீப்பாய் போதும்.

குப்பை பிரிப்பது வேலூருக்குப் புதிதும் இல்லை. குப்பையை அழுகும் முன்பே பிரித்தால் காசு, ஒன்றாகக் கொட்டினால் நாற்றம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன வேலூர் சீனிவாசன் இந்த மண்ணின் ஆள்தான். திடக்கழிவையும் திரவக்கழிவையும் வளமாகப் பார்க்கும் அவருடைய முறையை எடுத்துக்கொண்டுதான் சத்தீஸ்கரின் அம்பிகாபூர் நாடு முழுக்கப் பேர் வாங்கியது. பத்துக் கூடை வைத்துப் பிரிக்கத் தெரிந்த ஊரில் பதினொன்றாவதாக ஒரு கேன் வைப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை.

கேன் இல்லாத வீட்டில் எண்ணெய் எங்கே போகிறது? பாதி சட்டிக்கே திரும்பிப் போகிறது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை எண்ணெய் வாசனையில் வளர்ந்த வடாற்காட்டுக்காரர்களுக்கு எண்ணெயைக் கொட்டக் கை வராது. சுட்ட எண்ணெய் மறுநாள் தாளிப்புக்கு, அதற்கடுத்த நாள் தோசைக்கல்லுக்கு, மிஞ்சினால் கதவுக் கீலுக்கு. சிக்கனம் என்ற பெயரில் உடம்புக்குச் செய்யும் கெடுதல் இது என்று பாட்டியிடம் சொன்னால் அடி விழும். மீதிப் பாதி சிங்க்கில் போகிறது.

சிங்க்கில் ஊற்றும்போது அது தண்ணீர் மாதிரி ஓடும். நாலடி தாண்டிக் குழாயில் ஆறியதும் சுவரில் ஒட்டும். மேல் ஒட்ட ஒட்டச் சோறு, முடி, டீத்தூள் எல்லாம் அதில் மாட்டும். கான்கிரீட் குழாயிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் அது எண்ணெயாகவே இருக்காது, கெட்டிச் சோப்புக் கட்டியாகிவிடும். 2017-இல் லண்டனின் வொயிட்சாப்பல் பகுதியில் சாக்கடைக்குள் இப்படி வளர்ந்த ஒரு கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. அதை உடைத்தெடுக்க வாரக்கணக்கானது. பாதாள சாக்கடை இணைப்பு பரவிவரும் வேலூருக்கு இது வருங்காலச் செய்தி. இப்போதைக்கு நம் எண்ணெய் பெரும்பாலும் திறந்த கால்வாயில் போகிறது. மழைக்காலத்தில் நிக்கல்சன் கால்வாய்க் கரையில் கன்சால்பேட்டைப் பக்கம் நின்று பார்த்தால் கறுப்புத் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரியும். அது அத்தனையும் சமையலறை எண்ணெய் இல்லை, ஒர்க்‌ஷாப் எண்ணெயும் உண்டு. இரண்டும் சேர்ந்து பாலாற்றுக்குப் போகின்றன.

வேறு ஊர்களில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால், பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தெரியவில்லை, பழக்கம்தான் தெரிகிறது. ஜப்பானின் கியோட்டோ நகராட்சி 1997-இல் வீடுகளில் டெம்புரா பொரித்த எண்ணெயைச் சேகரிக்கத் தொடங்கியது. டெம்புரா என்றால் நம்மூர் பஜ்ஜியின் தூரத்துச் சொந்தம். தெருச் சங்கங்கள் குறித்த நாளில் குறித்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டேங்க்கை வைக்கும், வீட்டுக்காரர்கள் வந்து ஊற்றிவிட்டுப் போவார்கள். 2004-இல் நகராட்சியே நாளுக்கு 5,000 லிட்டர் எரிபொருள் செய்யும் ஆலையைக் கட்டியது. அந்த எரிபொருளில் ஓடியவை நகராட்சியின் குப்பை லாரிகளும் சில நகரப் பேருந்துகளும். வீட்டில் ஊற்றிய எண்ணெய் வீட்டு வாசலுக்கே லாரியாக வருவதைப் பார்த்தால் அடுத்த மாதமும் ஊற்றத் தோன்றுமே.

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் வேறு வழி. வீட்டுக்கு ஒரு மூன்று லிட்டர் வாளி, இறுக்கமான மூடியோடு. நிறைந்ததும் மையத்தில் கொடுத்துவிட்டுக் கழுவிய காலி வாளியை வாங்கிவரலாம். நமக்கு இது புதிதில்லை, காலி சிலிண்டரைக் கொடுத்து நிறைந்ததை வாங்கும் வேலையைத் திருப்பிப் போட்டால் இது வந்துவிடும். இரண்டில் எனக்குப் பிடித்தது வாளிதான். எண்ணெய்ப் பிசுக்கை யார் கழுவுவது என்ற சண்டையை அது வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடுகிறது. பழைய எண்ணெய் விஷயத்தில் பாதித் தடை அந்தப் பிசுக்குதான்.

வேலூருக்கு ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு பேச்சுக்கு ஒரு லட்சம் வீடு, வீட்டுக்கு மாதம் கால் லிட்டர். மாதம் 25,000 லிட்டர். அறுபது வார்டுக்குப் பிரித்தால் வார்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் பதினான்கு லிட்டர். அதாவது ஒரு இருபது லிட்டர் தண்ணீர் கேன்கூட நிறையாது. நாலில் ஒரு வீடுதான் கொடுக்கும் என்றால் வாரத்துக்கு ஒரு கேனும் கொஞ்சமும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு 'அதெல்லாம் பெரிய வேலை சார்' என்ற பேச்சு எடுபடவில்லை. பேட்டரி வண்டியின் பக்கவாட்டில் ஒரு கொக்கி, கொக்கியில் புனல் வைத்த ஒரு கேன். சந்து சந்தாகப் போகும் வண்டிக்கு இதற்கு மேல் பாரம் ஏற்ற வேண்டாம். வாரம் ஒரு நாள் என்று கிழமை குறித்து வைத்தால் வீடுகளில் தானாக ஞாபகம் இருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் அடுத்த ஒரு வாரம் தினமும் வர வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கில் அடங்காத ஒரு கூட்டமும் வேலூரில் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி, காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கும் நோயாளிகளின் குடும்பங்கள். அறையிலேயே சமைப்பார்கள், கடுகெண்ணெயில் மீன் பொரிப்பார்கள். இவர்கள் எந்த வார்டின் குடும்ப அட்டையிலும் இல்லை. ஆனால் இவர்கள் எண்ணெய் நம் கால்வாயில்தான் சேர்கிறது. லாட்ஜ் படிக்கட்டின் கீழே ஒரு கேன், அதன்மேல் வங்காளத்திலும் இந்தியிலும் ஒரு வரி எழுதி ஒட்டினால் ஒரு தெருவே தீர்ந்தது.

சேர்த்த எண்ணெய் எங்கே போகிறது என்பதைப் பார்க்காமல் விட்டால் சேர்க்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். பழைய எண்ணெய்க்கு ஏற்கெனவே ஒரு சந்தை உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். பெரிய கடையில் கறுத்த எண்ணெய் சின்னக் கடைக்குக் குறைந்த விலையில் போய், அங்கே இன்னும் கறுக்கிறது. வீடுகளில் இருந்து சேர்த்த எண்ணெயும் அந்த வழியில் போனால் மாநகராட்சியே பஜ்ஜிக் கடைக்குச் சப்ளை செய்ததாகிவிடும். ஆகவே கேனில் விழுந்த நிமிடமே அதை உணவுக்கு உதவாததாக்கிவிட வேண்டும். ஒரு சாயத்தைக் கலந்துவிடலாம். எடை போட்டு வார்டு வாரியாக எழுதி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்த சேகரிப்பாளரிடம் மட்டும் ரசீது போட்டுக் கொடுக்க வேண்டும்.

உள்ளாட்சியின் கையில் இன்னொரு பிடியும் இருக்கிறது, அதிகம் பேசப்படாத பிடி. ஓட்டலுக்குத் தொழில் உரிமம் கொடுப்பதும் புதுப்பிப்பதும் உள்ளாட்சிதான். கடைக்காரர்கள் 'டி அண்ட் ஓ லைசென்ஸ்' என்பார்கள். புதுப்பிக்க வரும்போது, போன வருடம் பழைய எண்ணெய் கொடுத்த ரசீதைக் காட்டு என்று கேட்டால் போதும். 50 லிட்டர் கோட்டுக்குக் கீழே நிற்கும் கடைகளும் இதில் மாட்டும். தள்ளுவண்டிக்காரர்கள் 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அடையாள அட்டை வாங்குவதும் உள்ளாட்சியிடம்தான். அவர்களிடம் ரசீது கேட்டு மிரட்டுவதைவிட, பழையதை எடுத்துக்கொண்டு புது எண்ணெயின் விலையில் ஒரு சின்னத் தள்ளுபடி கொடுப்பது நல்லது. நாளெல்லாம் வெயிலில் நின்று பஜ்ஜி போடுகிறவர் ஆசைக்காகக் கறுத்த எண்ணெயை வைத்திருக்கவில்லை. புது எண்ணெய் ஊற்றினால் அன்றைய லாபம் போய்விடும், அவ்வளவுதான்.

ஆலையில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை. எண்ணெயை வடிகட்டி, சுமார் 60 டிகிரிக்குச் சூடாக்கி, மெத்தனாலையும் காஸ்டிக்கையும் சேர்த்துக் கலக்குவார்கள். எண்ணெய் உடைந்து மேலே பயோடீசலும் அடியில் கிளிசரினும் பிரியும். நல்ல எண்ணெய் என்றால் ஒரு லிட்டருக்கு முக்கால் லிட்டருக்கு மேல் எரிபொருள் கிடைக்கும். இதற்குப் பெரிய எதிரி தண்ணீர். ஈரம் இருந்தாலும், எண்ணெய் அளவுக்கு மீறிச் சிதைந்திருந்தாலும் டீசலுக்குப் பதில் சோப்பு வரும். அதனால்தான் வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவு: நன்றாக ஆறவிடு, துணியில் வடிகட்டு, காய்ந்த பாட்டிலில் ஊற்று. கழுவிய ஈர பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் கொடுக்காமல் இருப்பதே மேல்.

அதைவிட மோசம் வண்டி எண்ணெய் கலப்பது. தமிழில் 'வேஸ்ட் ஆயில்' என்று சொன்னாலே நமக்கு எஞ்சின் ஆயில்தான் ஞாபகம் வரும். சென்ட்ரிங் பலகையில் தடவுவதும் அது, கரையானுக்கு மரத்தூணில் பூசுவதும் அது. ஆகவே கேனில் வெறுமனே 'வேஸ்ட் ஆயில்' என்று எழுதினால் தெருமுனை மெக்கானிக் நல்ல மனதோடு ஒரு லிட்டர் கறுப்பு ஆயிலைக் கொண்டுவந்து ஊற்றுவார், பீப்பாய் முழுவதும் கெட்டுவிடும். 'சுட்ட எண்ணெய் மட்டும்' என்று எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் அதைப் படிக்கிற யாருக்கும் சந்தேகம் வராது. எஞ்சின் ஆயிலுக்கு அதே மையத்தில் தனியாக ஒரு பீப்பாய், தனி நிறத்தில்.

செலவு யார் தலையில்? 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதிதான் என்று உறுதியானது இந்த மாவட்டத்து வழக்கில். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று கொடுத்த தீர்ப்பு அது. தோல் கம்பெனியைக் காட்டி விரல் நீட்டுவது சுலபம். முறுக்கு சுட்ட அம்மாவை மாசுபடுத்தியவர் என்று எப்படிச் சொல்வது? எஞ்சின் ஆயிலில் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்ததுபோல, பாக்கெட் எண்ணெய்க் கம்பெனியும் லிட்டருக்கு ஒரு சிறு தொகையை உள்ளாட்சியின் சேகரிப்புக்குக் கொடுக்கட்டும் என்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. அது வரும்வரை எண்ணெய் விற்ற காசே சேகரிப்பின் பெரும்பகுதிச் செலவைத் தாங்கும், ஏனென்றால் வண்டியும் ஆளும் ஏற்கெனவே தெருவில் இருக்கிறார்கள்.

அந்தக் காசில் ஒரு பங்கு வாங்கிச் சுமப்பவர் கைக்கு நேராகப் போக வேண்டும். அட்டை, பிளாஸ்டிக் விற்ற காசைத் தூய்மைப் பணியாளர்கள் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. எண்ணெய்க்கும் அதுவே பொருந்தும். லிட்டருக்கு ஐந்து ரூபாய் தனக்கு என்று தெரிந்தால் எந்த வீட்டில் என்றைக்குப் பலகாரம் என்பது வார்டு கவுன்சிலரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். எங்கள் அம்மாவிடம் இப்போதே அவர் சொல்லிவைத்திருக்கிறார். "கொட்டிடாதம்மா, மூடி வை. கேன் வந்தா மொதல்ல உங்க வூட்டுக்குத்தான் வருவேன்." மாடிப்படிக்கு அடியில் நான்கு பாட்டில் சேர்ந்திருக்கிறது. நான்கிலும் தேதி எழுதி ஒட்டியிருக்கிறார் அம்மா, ஊறுகாய் ஜாடிக்கு ஒட்டுவதுபோல.